10,000 நோட்டீஸ், 11 அழைப்புகள்

கேள்வி: வேளச்சேரியில் ஜன்னல்களுக்கும் பால்கனிகளுக்கும் கொசுவலை அமைத்துத் தரும் தொழிலை 4 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சென்ற மாதம் 10,000 நோட்டீஸ் அச்சடித்து, செய்தித்தாள்களுக்குள் வைத்து விநியோகிக்கக் கொடுத்தேன். வந்த அழைப்புகள் 11, கிடைத்த ஆர்டர்கள் 2. ‘பொருளின் சிறப்பை எழுதாதே, வாடிக்கையாளருக்கு என்ன பயன் என்று எழுது’ என்கிறார்கள். கொசுவலையின் பயன் கொசு வராது என்பதுதானே, அதற்கு மேல் என்ன எழுதுவது? மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? நோட்டீஸின் படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: அந்த 15,000 ரூபாயை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். அழைத்த 11 பேரில் 2 பேர் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள் என்றால், நேரில் பேசி வேலையைப் பிடிக்கும் திறமை உங்களிடம் இருக்கிறது. அதற்கு முந்தைய கட்டத்தில்தான் குறை. நோட்டீஸைப் படித்தவர்கள் அழைக்கவில்லை, அல்லது நோட்டீஸ் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. இரண்டாவதைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் நோட்டீஸின் மேல்பாதி முழுவதும் நிறுவனத்தின் பெயர். அதன் கீழே ‘உயர்ந்த தரம், மிகக் குறைந்த விலை’. பிறகு 18×16 ஃபைபர் கிளாஸ் மெஷ், எஸ்.எஸ். 304, பவுடர் கோட்டிங் அலுமினியம் என்று ஒரு பட்டியல். நம் ஊர் வெயிலையே பார்த்திராத ஒரு வெளிநாட்டுக் குடும்பம் சோபாவில் சிரிக்கிறது. கடைசியாக ‘100% கொசு வராது’ என்ற வரியும், அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறியும், அடியில் எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் நிபந்தனையும். இவற்றில் படிப்பவரைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கொசு வராது என்பது உங்கள் வலையின் பயன் என்று நினைக்கிறீர்கள். கொசு வராமல் இருக்க அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: மாலை ஐந்தே முக்காலுக்கு யாராவது ஒருவர் ஓடி ஓடி எல்லா ஜன்னல்களையும் சாத்துகிறார். அதற்குப் பைசா செலவில்லை. ஆனால் அதன் பிறகு விடியும் வரை சமையலறைப் புகையும் வியர்வையும் உள்ளேயே சுற்றுகின்றன, படுக்கையறையில் ஏ.சி. போட்டே ஆக வேண்டியிருக்கிறது, மின்சாரம் போனால் புழுக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ஆகவே உங்களுக்குப் போட்டி அடுத்த தெருவில் இருக்கும் கொசுவலைக்காரர் அல்லர், சாத்திய ஜன்னல்தான். ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கலாம் என்பதுதான் நீங்கள் விற்கும் பயன். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றவை தாமாக வரும்.

இதை நான் அறைக்குள் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதித் தருவதைவிட, உங்கள் வாடிக்கையாளர்கள் வாயிலிருந்தே வாங்குவது மேல். கடைசியாக வேலை செய்து கொடுத்த 20 வீடுகளைத் தொலைபேசியில் அழைத்து இரண்டே கேள்விகள் கேளுங்கள்: எங்களைக் கூப்பிடுவதற்கு முந்தைய வாரம் வீட்டில் என்ன நடந்தது? வேலையைக் கொடுக்கும் முன் எதற்காகத் தயங்கினீர்கள்? சொல்வதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். ‘வாடகை வீடு சார், ஆணி அடிச்சா ஓனர் அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவார்’ என்று ஒருவர் சொன்னால், அது எந்த விளம்பர எழுத்தாளனாலும் எழுத முடியாத வரி. முதல் கேள்விக்கான பதில்கள் உங்கள் தலைப்பாகும், இரண்டாவதற்கான பதில்கள் நோட்டீஸின் உடலாகும்.

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன், அப்படியே அச்சடித்துவிட வேண்டாம்:

‘மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்த வேண்டாம். காற்று வரட்டும், கொசு வெளியே நிற்கட்டும். வாடகை வீடா? ஆணியே அடிக்காமல் வெல்க்ரோவில் ஒட்டும் வலை உண்டு. காலி செய்யும்போது கழற்றினால் பசைத் தடம் கொஞ்சம் இருக்கும், ஓட்டை இருக்காது. தூசி படிந்தால் நீங்களே கழற்றிக் குழாயடியில் அலசி மாட்டிக்கொள்ளலாம், எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை. பால்கனிக் கதவைத் திறந்து போட்டால் மட்டும் கொசு வரும், அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.’

அதன் கீழே, இரண்டு படுக்கையறை வீட்டுக்கு உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று உங்கள் உண்மையான விலையைப் போடுங்கள். பசைத் தடம் இருக்கும் என்ற வரியை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எடுக்காதீர்கள். சிறு குறையை நீங்களே ஒத்துக்கொண்டால்தான் மற்ற வரிகளைப் படிப்பவர் நம்புவார்.

இனி, எதை எழுதக் கூடாது. ‘டெங்குவிலிருந்து பாதுகாப்பு’ என்று எழுதச் சொல்லி யாராவது உங்களைத் தூண்டுவார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதிலும் பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்று வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரிலேயே பெருகக்கூடியது. உள்ளே பிறக்கும் கொசுவை ஜன்னல் வலை எப்படித் தடுக்கும்? மின்கட்டணம் பாதியாகும் என்பதையும் எழுத வேண்டாம், இரண்டு மாதம் கழித்து பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு அழைப்பார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. உங்கள் நட்சத்திரக் குறிக்கும் 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளில் பதில் இருக்கிறது: விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும், எழுத்துருவும் அதுவே இருக்க வேண்டும், சொன்ன வாக்கையே நிபந்தனை மறுக்கக் கூடாது. அண்ணா சாலையில் ஒரு முறை போய் வாருங்கள், தமிழில் முழங்கிவிட்டு ஆங்கிலத்தில் முணுமுணுக்கும் பலகைகள் எத்தனை என்று எண்ணலாம். விதியை எழுதியவர்கள் அந்தச் சாலையில் போவதில்லை போலும். பெரியவர்கள் தப்பிப்பதால் நீங்களும் தப்பிப்பீர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதற்கு டி.எல்.டி. என்ற பதிவுமுறையில் உங்கள் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், அனுப்பப்போகும் வாசகத்தையும்கூட முன்கூட்டியே பதிய வேண்டும். ஒழுங்காகத் தொழில் செய்பவர் இத்தனை படிவங்களையும் நிரப்பிக் காத்திருக்கும் வேளையில், பெயர் தெரியாத எண்களிலிருந்து கடன் வேண்டுமா என்று எனக்கு மதியத் தூக்கத்தில் அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. நோட்டீஸ் போதும் உங்களுக்கு.

ஆனால் அந்த நோட்டீஸ் எங்கே போனது? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தையல் வகுப்புக்கு நான் எழுதிய நோட்டீஸ் 5,000 பிரதி அச்சாகி, விநியோக இடைத்தரகர் ஒருவரிடம் கொடுக்கப்பட்டது. ஒருவரும் அழைக்கவில்லை. என் எழுத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான்காம் நாள் மாலை தெருமுனைக் கடையில் பஜ்ஜி வாங்கினேன், அதைச் சுற்றித் தந்த தாள் என்னுடைய நோட்டீஸ். மடிப்புக்கூட இல்லாத புதுத்தாள். பழைய பேப்பர் கடையிலிருந்து எடைக்கு வாங்கியதாகக் கடைக்காரர் சொன்னார், கட்டுப் பிரிக்காத மூட்டை ஒன்று இன்னும் உள்ளே இருந்தது. தரகர் எங்களிடம் ஒரு கூலியும், பழைய பேப்பர் கடையில் ஒரு விலையும் வாங்கியிருந்தார். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் சோதிக்காமல் யாரையும் நம்பாதீர்கள். அடுத்த முறை 1,000 மட்டும் அச்சடியுங்கள். 250 வீதம் நான்கு பகுதிகளுக்குப் பிரித்து, ஓரத்தில் அ, ஆ, இ, ஈ என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைப் போடுங்கள். அழைப்பவரிடம் அந்த எழுத்தைக் கேட்டுக் குறித்து வையுங்கள். அதிகாலை நான்கரை மணிக்குப் பேப்பர் பிரிக்கும் இடத்துக்கு நீங்களே போய், தாள் உள்ளே செருகப்படுகிறதா என்று நின்று பாருங்கள். ஒரு நாள் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

மாதம் 15,000 கேட்பவரிடம், உங்கள் வாடிக்கையாளர் ஐந்து பேரிடமாவது அவர் பேசுவாரா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் தேவையில்லை சார்’ என்றால் விட்டுவிடுங்கள், அவர் வேறு யாருக்கோ எழுதியதையே பெயர் மாற்றி உங்களுக்கும் தருவார். இணையத்தில் உங்கள் விளம்பரக் கணக்கும் பக்கமும் யார் பெயரில், யார் கைபேசி எண்ணில் இருக்கும் என்பதையும் கேளுங்கள். அவர் பெயரில் என்றால், நீங்கள் விலகும் நாளில் உங்கள் கடைப் பலகையை அவர் கழற்றிக்கொண்டு போவார். வாடிக்கையாளர் எண்களை விலைக்குத் தருகிறேன் என்பவர்கள் இன்னொரு வகை, ஒரே எண்ணை ஐந்தாறு பேருக்கு விற்றுவிடுவார்கள். பாராட்டு விமர்சனங்களைக் கட்டாக விற்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் பேச்சே வேண்டாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் மேலே சொன்னதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஓ.எம்.ஆர். பக்கத்துப் பெரிய அடுக்குமாடிகளின் குடியிருப்போர் சங்கத்துக்கு விலைப்புள்ளி கொடுக்கும்போது, ‘காற்று வரட்டும்’ என்று தொடங்கினால் அந்தத் தாள் அப்போதே ஒதுக்கப்படும். சங்கச் செயலாளர் மூன்று விலைப்புள்ளிகளைக் கட்டம் போட்டு ஒப்பிடுபவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற பொறியாளராக இருப்பார். அங்கே வலைக் கண்ணின் எண்ணிக்கை, கம்பியின் தடிமன், சட்டத்தின் கனம், உத்தரவாத ஆண்டுகள், ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பவை முதலில் வர வேண்டும். சதுர அடியைச் சட்டத்தின் வெளி அளவில் கணக்கிடுகிறீர்களா, உள் அளவிலா, சிறிய ஜன்னலுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்துப் பில் போடுகிறீர்களா என்பதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். தகராறு எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோரம் என்றால் உப்புக்காற்றில் எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகில்கூடப் பழுப்புக் கறை படியலாம், மாலிப்டினம் கலந்த 316 அதைவிடத் தாங்கும், விலையும் கூடும் என்று இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பயனை எழுதும் விதியைக் கைவிடுவதாக எண்ண வேண்டாம். பொதுக்குழுவில் எழுந்து ‘ஏன் இவருக்குக் கொடுத்தீர்கள்’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் செயலாளர், நீங்கள் தரும் எண்கள்தான் அவருக்குப் பயன். அதே தாளைத் தனி வீட்டுக்காரரிடம் நீட்டாதீர்கள், இதைத் தனி வீட்டுக்கு எழுதியதுதான் உங்கள் இப்போதைய நோட்டீஸ்.

கடைசியாக, நோட்டீஸில் இருந்த மூன்று எண்களையும் நேற்று இரவு ஏழரை மணிக்கு அழைத்துப் பார்த்தேன். ஒன்று அணைக்கப்பட்டிருந்தது. இன்னொன்று முழுதாக மணியடித்து ஓய்ந்தது. மூன்றாவதை எடுத்த சிறுவன் ‘அப்பா கடைக்குப் போயிருக்கார்’ என்று வைத்துவிட்டான். புது நோட்டீஸில் ஓர் எண் போதும், வேலையிலிருந்து திரும்பி ஜன்னலைச் சாத்திவிட்டு மக்கள் அழைக்கும் ஏழு முதல் ஒன்பது மணி வரை அதை நீங்களே எடுங்கள்.