சிரிப்பு நிற்கிறது, எண் நிற்கவில்லையே?

கேள்வி: என் 4 வயது மகன் எண் சொல்லித்தரும் கார்ட்டூனைத் தினமும் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். எண்ணைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான். யானை வழுக்கி விழுந்ததை மட்டும் நடித்தே காட்டுகிறான். டிவியை நிறுத்திவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: நிறுத்த வேண்டாம், நிகழ்ச்சியை மாற்றுங்கள். யானை விழுந்ததற்கும் எண்ணுக்கும் ஒட்டே இல்லை, அதுதான் கோளாறு. இந்த வயதில் கவனமே கொஞ்சம். அதை வேடிக்கை இழுத்துக்கொண்டால் பாடத்துக்கு மிச்சமிருக்காது.

1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற சிறுவர் டிவி நிகழ்ச்சியில் கெர்மிட் என்ற தவளைப் பொம்மை ‘டபிள்யூ’ எழுத்துக்குப் பாடம் நடத்தும். பக்கத்தில் ஒரு நீல பூதப் பொம்மை அந்த எழுத்தையே கடிக்கும். ஒரு கோடு போனதும் ‘என்’, இன்னொன்று போனதும் ‘வி’, கடைசியில் வெறும் ‘ஐ’. எழுத்தின் உருவத்தைப் பார்க்காமல் இதற்குச் சிரிக்கவே முடியாது.

நிகழ்ச்சி முடிந்ததும் “எதுக்குடா சிரிச்சே?” என்று கேளுங்கள். பதிலில் எண்ணோ எழுத்தோ வந்தால் அது நல்ல நிகழ்ச்சி. கிண்டலாக மாற்றிப் பேசும் நகைச்சுவை வேண்டாம், இந்த வயதுப் பிள்ளைகள் அதை நிஜமென்றே எடுத்துக்கொள்வார்கள். தப்பாகச் சொல்லிச் சிரிக்க வைக்கும் நிகழ்ச்சி, சரியானதை உடனே காட்டவும் வேண்டும்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். சிலேட்டில் ‘பால்’ என்று எழுதி, “ஐயோ, எலி காலைத் தின்னுடுச்சு!” என்று துணைக்காலை அழியுங்கள். பால் ‘பல்’ ஆகிவிடும். எழுத்து கொஞ்சம் பழகிய பிள்ளைக்குத்தான் இந்த விளையாட்டு. சரியானது தெரியாதவனுக்குத் தப்பில் சிரிப்பு வராது. உங்கள் மகனுக்கு முதலில் எண்: வெண்டைக்காயைச் சரியாக எண்ணிப் பழக்குங்கள். பிறகு வேண்டுமென்றே “ஒண்ணு, ரெண்டு, அஞ்சு” என்று எண்ணுங்கள். அவன் திருத்தும்வரை மேலே போகாதீர்கள்.

கேள்வி: என் மகள் ஒரே எபிசோடைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாள். புதிது போட்டால் அழுகை.
- வாசகர், மதுரை

பதில்: போடுங்கள். 1996இல் வந்த, பார்க்கும் பிள்ளைகளிடமே கேள்வி கேட்கும் ‘புளூஸ் க்ளூஸ்’ என்ற அமெரிக்க நிகழ்ச்சி, ஒரே எபிசோடை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பியது. நாளாக ஆகப் பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் கத்தினார்கள். கேள்வி வரும் இடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் இப்படிப்பட்ட நிகழ்ச்சி உதவுமா? எவ்வளவு நேரம் காட்டலாம்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இப்போது வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 வயதுக்குக் கீழ் திரையே கூடாது என்கிறது. 2 முதல் 5 வரை நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். சோறு ஊட்டும்போது டிவி வேண்டவே வேண்டாம். வளர்ந்த பிறகும், எழுத உட்காரும் முன் வேகமாக ஓடும் கார்ட்டூனைப் போடாதீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்த 4 வயதுப் பிள்ளைகள், உடனே கொடுத்த, பொறுமையையும் கவனத்தையும் பார்க்கும் சோதனைகளில் தடுமாறினார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்த வீடியோவைத் தானாகவே ஓட்டும் ஆட்டோபிளேயையும் அணைத்து வையுங்கள்.