'ஸ்வைப்ஸ்' திருட்டுச் சரக்கு அல்ல

கேள்வி: பழைய ஆங்கிலக் கடற்படை நாட்குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். மாலுமிகள் 'பர்சர்ஸ் ஸ்வைப்ஸ்' குடித்ததாக வருகிறது. அகராதியில் 'ஸ்வைப்' என்றால் ஓங்கி அடிப்பது, திருடுவது என்றுதான் இருக்கிறது. 'திருட்டுச் சரக்கு' என்று எழுதலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள். அது வெறும் சப்பென்ற பீர். 1811-இல் லண்டனில் வெளியான கொச்சைச் சொல் அகராதியிலேயே இருக்கிறது: அரசரின் கப்பல்களில் பர்சர் கொடுக்கும் லேசான பீர். ஒரே மடக்கில் குடிப்பதையும் 'ஸ்வைப்' என்பார்கள். அதிலிருந்து வந்த பெயராகவே அகராதிக்காரர்கள் கொள்கிறார்கள்.

பர்சர் என்பவர் கப்பலில் சாப்பாட்டையும் பானத்தையும் அளந்து போடும் கணக்குப்பிள்ளை. தலைக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் பீர், ஏறக்குறைய நாலரை லிட்டர், அவர் கைவழியாகத்தான் வரும். பவுண்டுக்கு 16 அவுன்ஸ் தர வேண்டிய இடத்தில் அவர் 14 தான் நிறுப்பார். மீதி, சிந்தினது, கெட்டுப்போனது என்று கணக்கு. நிர்வாகமே அனுமதித்த வெட்டு இது! 1797-இல் இங்கிலாந்தின் தென்கரையில் கப்பல்கள் நங்கூரமிடும் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் வேலையை நிறுத்தியபோது, முழு 16 அவுன்ஸ் வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. ஆகவே 'பர்சர்' என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் விட்டுவிடாதீர்கள். அந்தத் தொடரின் கசப்பே அதில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'ஸ்மால் பீர்' என்று வந்தால் அது வசைச்சொல் அல்ல, தொழில்சொல். தேங்காய்த் துருவலில் முதல் பால் பிழிந்தபின் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுக்கிறோம் அல்லவா? அதேபோல் ஊறின மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், மறுபடி வெந்நீர் விட்டு எடுத்த சாறில் காய்ச்சியது. வீட்டில் வேலைக்காரர்களும் பிள்ளைகளும் குடித்தார்கள். அதில் கேவலம் எதுவும் இல்லை. அதே பானத்தை முகம் சுளித்துச் சொன்னால்தான் 'ஸ்வைப்ஸ்'. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போட்டால் மாலுமியின் குரல் போய்விடும்.

அப்புறம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லை விரித்து 'இதுதான் பிறப்பு' என்று கதை விற்கும் இணையதளங்களை நம்பவே நம்பாதீர்கள். பழைய கொச்சைச் சொற்கள் அப்படிப் பிறந்தது மிக அரிது. பெரிய அகராதியைச் சுருக்கிப் போட்ட சிறு பதிப்புகளும் இந்த மாதிரிச் சொற்களைத்தான் முதலில் வெட்டுகின்றன. அதையே கையில் கொடுத்து, பத்து நாளில் முடியுங்கள் என்கிற பதிப்பகங்களை என்ன சொல்வது? பெரிய நூலகத்துக்குப் போய் முழு அகராதியைப் பாருங்கள்.

'தண்ணிப் பீர்' என்றும் போடாதீர்கள். நம் பேச்சில் தண்ணி என்றாலே சாராயம். 'பர்சர் ஊற்றின சப்புப் பீர்' சரியாக இருக்கும்.