மாதவிடாய் நின்று மூன்றாண்டு கழித்து வந்த இரண்டு நாள் கசிவு

முதுகுவலி, முழங்கால் வலி, முடி உதிர்வு, மறதி, இரவில் வியர்த்துக் கொட்டுவது என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைசிக்கு முந்தைய பத்தியில், போகிற போக்கில் இப்படி ஒரு வரி: "மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் இரண்டு நாள் லேசாகக் கசிவு இருந்தது. ஹார்மோன் மாத்திரை வேலை செய்கிறது என்று மனதுக்குத் தெம்பாக இருந்தது."

அம்மா, அந்த வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். இதில் தெம்படைய எதுவும் இல்லை. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதவிடாய் நின்று முழுதாக 12 மாதங்கள் கடந்துவிட்டால், அதன் பிறகு வரும் எந்த இரத்தக்கசிவும் பரிசோதிக்கப்பட வேண்டியது. இரண்டு நாள்தானே, பழுப்பு நிறக் கறைதானே, வலியில்லையே என்பதெல்லாம் இங்கே செல்லாது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமானதுதான்: பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டிருக்கும், அல்லது கருப்பைக்குள் சிறிய சதை வளர்ந்திருக்கும். ஆனால் இப்படி வருகிறவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குக் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் இருக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இரத்தக்கசிவு தென்படுகிறது. அந்தக் கசிவை மதித்து உடனே வந்தவர்களுக்கு, நோய் கருப்பையைத் தாண்டும் முன்பே அறுவை சிகிச்சை செய்து, பெரும்பாலும் குணப்படுத்திவிட முடிகிறது. "ஒருமுறைதானே வந்தது, மறுபடி வந்தால் பார்ப்போம்" என்று காத்திருந்தவர்களின் நிலைதான் கவலைக்குரியது.

போன ஆண்டு பாப் ஸ்மியர் செய்து எல்லாம் நன்றாக இருந்தது என்கிறீர்கள். அது கருப்பை வாய்க்கான சோதனை. உள்ளே இருக்கும் படலத்தைப் பற்றி அதை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்களுக்குத் தேவை பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன். அதில் படலத்தின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிறிது திசுவை எடுத்துப் பரிசோதிப்பார்கள். நீங்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்திருப்பதால் அளவு எப்படியிருந்தாலும் திசுப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். சொன்னால் மறுக்காதீர்கள்.

இனி அந்த மாத்திரை. இணையத்தில் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல், ஆறு மாதமாக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையை விழுங்கி வருகிறீர்கள். "இயற்கையானது" என்று அட்டையில் எழுதியிருப்பதால் அது தீங்கற்றதாகிவிடாது. கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகும். கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோன் சேர்ந்த மருந்து இருந்தால்தான் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம். தனி ஈஸ்ட்ரோஜன் உட்படலப் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது என்பது 1975-லேயே மருத்துவ இதழ்களில் வெளியானது. அரை நூற்றாண்டு கடந்த பிறகும் இதையே ஒரு வாசகருக்கு எழுத வேண்டியிருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. கோபம் உங்கள்மீது அல்ல, இதை உங்கள் தலையில் கட்டியவர்கள்மீது. மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், அட்டையை எறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிறுத்தியதும் கசிவும் நின்றுவிட்டால், சரியாகிவிட்டது என்று பரிசோதனையைக் கைவிடாதீர்கள்.

ஏன் அதை எடுத்தீர்கள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். மற்ற குரங்கினங்களில் பெண் கடைசிவரை குட்டி போடுகிறது, மனிதப் பெண்ணுக்குத்தான் நடுவில் நின்றுபோகிறது, அதற்குப் பிறகான உடல் இயற்கையின் கணக்கிலேயே இல்லை, பழைய காலத்தில் யாரும் 50 வயதுவரை வாழ்ந்ததில்லை என்று ஒரு காணொளியில் சொன்னார்களாம். "அப்படியென்றால் நான் மிச்சமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது முழங்கால் வலியைவிட இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காணொளியில் சொன்னது பாதி உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு முழுப் பிழை. பெண் குழந்தை தாயின் வயிற்றில் 20 வாரச் சிசுவாக இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்படையும்போது 3 முதல் 4 லட்சம், மாதவிடாய் நிற்கும் தறுவாயில் ஆயிரம் அளவுக்கு. சிம்பன்ஸியின் சினைப்பையும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் காலியாகிறது. அதன் கருவுறும் திறனும் 50 வயதை ஒட்டியே முடிகிறது. ஆனால் காட்டில் வாழும் பெரும்பாலான பெண் சிம்பன்ஸிகள் அந்த வயதை எட்டுவதற்குள் இறந்துவிடுகின்றன. ஆகவே நம்மிடம் சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிடவில்லை. அது பழைய கணக்கிலேயே நிற்க, இதயமும் மூளையும் எலும்பும் நீண்டகாலம் உழைக்கும்படி நம் பரிணாமம் நடந்திருக்கிறது.

பழைய காலத்தில் சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்கு முக்கியக் காரணம் குழந்தைச் சாவுகள். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த சமூகங்களில்கூட, 45 வயதைத் தொட்ட பெண் சராசரியாக மேலும் சுமார் 20 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறாள்.

அந்த ஆண்டுகள் எதற்கு? சிம்பன்ஸித் தாய் 5 அல்லது 6 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனுகிறது. குட்டி அவள் ரோமத்தைப் பற்றிக்கொண்டு தொங்கும், அவள் தனியாகவே வளர்த்துவிடுவாள். நம் குழந்தையோ பிறக்கும்போது வளர்ந்தவரின் மூளையில் 30 சதவீதம்கூட இல்லாமல் பிறக்கிறது. பற்றிக்கொள்ளவும் தெரியாது, தலையும் நிற்காது. முதல் குழந்தை தானாகச் சாப்பாடு தேடிக்கொள்ளும் முன்பே அடுத்தது பிறந்துவிடுகிறது. ஒரு தாயால் மட்டும் இது ஆகாது. டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களிடையே 1980-களிலிருந்து ஆய்வு செய்த மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய குழுவினரும், வயதான பெண்கள் இறுகிய மண்ணில் கிழங்கு தோண்டுவதைக் கண்டார்கள். கைக்குழந்தை உள்ள தாய்மாரின் மூத்த பிள்ளைகளுடைய எடை, பாட்டியின் உழைப்போடு சேர்ந்து ஏறியதாகக் கணக்கிட்டார்கள். மாதவிடாய்க்குப் பிந்தைய நீண்ட வாழ்வுக்கு இதுவே காரணம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. உகாண்டாவின் இங்கோகோ காட்டுச் சிம்பன்ஸிகளிலும் சில பெண்கள் கருவுறும் வயதைத் தாண்டி வாழ்வதாக 2023-இல் ஆய்வு வெளியானது. அங்கே பாட்டிகள் மகளோடு வாழ்வதில்லை, எனவே விளக்கம் வேறாக இருக்கலாம். விவாதம் தொடரட்டும். உங்கள் உடல் இயற்கையின் பிழை என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதுகுவலி, நிமிர்ந்து நடக்கும் இனத்தின் பழைய வலி. பிள்ளை சுமப்பதற்காகப் பெண்ணின் இடுப்பு வளைவு ஆணுடையதைவிடக் கூடுதலாகவே அமைந்திருக்கிறது. காலில் மரப்போ பலவீனமோ, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றமோ இல்லை என்கிறீர்கள், ஆகவே தினமும் நடங்கள், முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி செய்யுங்கள். முழங்காலுக்கும் அதுவே மருந்து. சாவியை வைத்த இடம் மறப்பதை மூளை நோய் என்று தேடிப் படிக்காதீர்கள். தூக்கம் கெட்டால் யாருக்கும் அப்படித்தான். முடி உதிர்வுக்கு, எப்படியும் இரத்தம் கொடுக்கும்போது தைராய்டையும் இரும்புச்சத்தையும் பார்த்துவிடலாம். இரவு வியர்வையைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டியதில்லை, அதற்கு முறையான சிகிச்சை உண்டு. ஆனால் திசுப் பரிசோதனை முடிவு வந்த பிறகே அந்தப் பேச்சு.

சர்க்கரை, இரத்த அழுத்தம், உடல் எடை பற்றியும், மார்பகப் புற்றுநோய்க்காக எப்போதாவது டமோக்சிபென் எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கசிவு வந்த தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். அதற்குள் மறுபடி வந்து, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனாலோ தலைசுற்றினாலோ நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மகளுக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம், இரவில் நீங்கள்தான் தூக்கி வைத்திருக்கிறீர்கள், அதனால் மருத்துவமனைக்குப் போக நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில்தான் நீங்கள் மிச்சமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேனுக்கும் திசு எடுப்பதற்கும் அரைநாள் போதும். அந்த அரைநாள் குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தை மகளிடம் காட்டுங்கள், உங்களை அவளே அழைத்துக்கொண்டு போவாள்.