கைப்பேசியின் பெயர் தெரிகிறது, படங்கள் எங்கே?

கேள்வி: மடிக்கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு உபுண்டு நிறுவியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் சார்ஜ் ஏறுகிறது, திரையில் கைப்பேசியின் பெயரும் வருகிறது. ஆனால், திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. பென்டிரைவ் மட்டும் செருகியவுடன் திறந்துகொள்கிறது. கோளாறு எதில்? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: கோளாறு எதிலும் இல்லை; கைப்பேசி உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 6 முதல், கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறுவது மட்டுமே இயல்பான ஏற்பாடு. கைப்பேசியின் பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து, யுஎஸ்பி குறித்த அறிவிப்பைத் தொட்டு, ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சேமிப்பகம் தெரியும். சார்ஜுக்கு மட்டுமே உதவும் மலிவுக் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. உங்களுக்குப் பெயர் தெரிவதால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பென்டிரைவ் ஏன் அப்படி இல்லை என்பது நல்ல கேள்வி. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் கணினியிடம் பென்டிரைவாகவே தம்மைக் காட்டிக்கொண்டன. ஆனால், ஒரே சேமிப்பகத்தில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு முறைமை சிதைந்துவிடும் என்பதால், கேபிள் இணைப்பில் இருக்கும்வரை கைப்பேசி தன் மெமரி கார்டையே தொட முடியாமல் இருந்தது. கார்டில் வைத்திருந்த செயலிகளும் அதுவரை காணாமல் போயின. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 இதற்கு மாற்றாக எம்டிபி என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. இதில் சேமிப்பகம் கைப்பேசியின் பொறுப்பிலேயே இருக்கும். கணினி ஒவ்வொரு கோப்பையும் கேட்டு வாங்க வேண்டும். நூலகத்தில் நாமே அலமாரியில் எடுப்பதற்கும் சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கேமரா கோப்புறை திறக்க நேரமாவதும், கைப்பேசியில் உள்ள கோப்பை அங்கேயே வைத்துத் திருத்த முயன்றால் பல செயலிகள் முரண்டு பிடிப்பதும் இதனால்தான். எதையும் முதலில் கணினிக்கு நகலெடுத்துவிட்டுத் திருத்துங்கள்.

சேமிப்பகம் திறந்த பிறகும் ‘சாதனத்தை அணுக முடியவில்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால், படங்களை நிர்வகிக்கும் மென்பொருள் ஏதேனும் கைப்பேசியை முன்னதாகவே பிடித்து வைத்திருக்கக்கூடும். அதை மூடிவிட்டு, கேபிளை எடுத்துச் செருகிப் பாருங்கள்.

பல ஜிபி அளவுள்ள காணொளிகளுக்கு எம்டிபி எனக்கு ஒத்துவருவதில்லை. பாதியில் நின்றால் எது வந்தது, எது வரவில்லை என்று தேடுவதே வேலையாகிவிடும். முனையத்தில் கட்டளை எழுதத் தயங்காதவர் என்றால், ஏடிபி என்ற கருவியை உபுண்டுவில் நிறுவி அதன்வழி கோப்புறையை முழுதாக இழுத்துக்கொள்ளலாம். இதற்குக் கைப்பேசியின் அமைப்புகளில் ‘பில்ட் எண்’ணை ஏழு முறை தட்டி, டெவலப்பர் விருப்பங்களில் யுஎஸ்பி பிழைதிருத்தத்தை இயக்க வேண்டும், வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். எந்த வழியில் எடுத்தாலும், ‘நகர்த்து’ என்று கொடுக்காமல் ‘நகலெடு’ என்றே கொடுத்து, வந்த படங்களில் சிலவற்றைக் கணினியில் திறந்து பார்த்த பிறகு கைப்பேசியில் அழியுங்கள்.