டெஸ்ட்டே இல்லாத பழைய நிரலுக்கு யூனிட் டெஸ்ட் எழுத எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஃபங்ஷன் 800 வரி, டேட்டாபேஸ், ஈமெயில் எல்லாம் அதற்குள்ளேயே, டெஸ்ட் ஒன்றுகூட இல்லை, பேசாமல் திருப்பி எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அதில் காரணம் புரியாமல் நிற்கும் இஃப்களில் பல, என்றோ யாரோ கொடுத்த புகாருக்காகச் சேர்த்தவையாக இருக்கும். திருப்பி எழுதினால் அந்தப் புகார்கள் மறுபடி வரும். அதற்காக முழு நிரலுக்கும் டெஸ்ட் எழுத உட்காரவும் வேண்டாம். அடுத்து எங்கே கை வைக்கப் போகிறீர்களோ, அங்கே மட்டும் எழுதுங்கள்.

டெஸ்ட் எழுத நிரலை மாற்ற வேண்டும், பயமில்லாமல் மாற்ற டெஸ்ட் வேண்டும். இந்தச் சிக்கலால்தான் முதல் மாற்றம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். தாமதக் கட்டணம் கணக்கிடும் பைத்தான் ஃபங்ஷன் ஒன்று உள்ளுக்குள்ளேயே இன்றைய தேதியை எடுக்கிறது என்று வையுங்கள். இன்று பாஸாகும் டெஸ்ட் நாளை ஃபெயிலாகும். தேதியைக் கடைசி பேராமீட்டராக்கி, அதன் டீஃபால்ட்டை 'நன்' (None, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) என்று வையுங்கள். 'நன்' வந்தால் மட்டும் உள்ளே கணினித் தேதியை எடுக்கட்டும். பழைய அழைப்புகள் எதுவும் உடையாது, டெஸ்ட்டில் 2024 பிப்ரவரி 29-ஐக் கொடுத்துப் பார்க்கலாம். (டீஃபால்ட்டிலேயே தேதி ஃபங்ஷனை அழைத்துவிடாதீர்கள். பைத்தான் அதை ஒரே ஒரு தடவைதான் கணக்கிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்வரை அதே தேதிதான்!)

ஜாவா என்றால், டேட்டாபேஸைத் தொடும் வரிகளைத் தனி மெத்தடாக்கி, டெஸ்ட்டில் ஒரு சப்கிளாஸ் எழுதி, டேட்டாபேஸைத் தொடாதபடி அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்யலாம். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

சரி, என்ன விடை வர வேண்டும் என்று எதை எழுதுவது? வேண்டுமென்றே தப்பாக 0 என்று எழுதி ஓட்டுங்கள். '0 அல்ல, 147 வந்தது' என்று ஃபெயிலாகும். அந்த 147-ஐ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு கேரக்டரைசேஷன் டெஸ்ட் என்று பெயர். நிரல் சரியா என்று இது பார்ப்பதில்லை, இப்போது என்ன செய்கிறது என்பதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். 147 தப்பு என்று தெரிந்தாலும் கையோடு திருத்தாதீர்கள். அந்தத் தப்பை நம்பி வேறொரு ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருக்கலாம். தனிப் பிழையாகப் பதிவு செய்யுங்கள்.

இப்படிச் சில டெஸ்ட்கள் சேர்ந்த பிறகு, கணக்குப் போடும் பகுதியை மட்டும் தனி ஃபங்ஷனாகப் பிரித்தெடுங்கள். மதிப்புகளை வாங்கி ஒரு மதிப்பைத் திருப்பித் தருவதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு மாக் (டேட்டாபேஸ் போன்றவற்றுக்குப் பதில் டெஸ்ட்டில் வைக்கும் போலி) எதுவும் தேவைப்படாது. கண்டதையெல்லாம் மாக் செய்தால், நாம் சொல்லிக்கொடுத்த விடையையே நாம் சோதிப்பதாகத்தான் முடியும்.

அப்புறம், கவரேஜ் சதவீதத்தை (டெஸ்ட்கள் ஓடும்போது நிரலின் எவ்வளவு பகுதி ஓடியது என்ற கணக்கை) பெரிதாக நம்பாதீர்கள். அசெர்ட் (விடையைச் சரிபார்க்கும் வரி) இல்லாத டெஸ்ட்டும் அதை ஏற்றிக் காட்டும். சந்தேகமாக இருந்தால் கணக்கில் ஒரு '>' குறியை '>=' ஆக்கி ஓட்டுங்கள். எந்த டெஸ்ட்டும் ஃபெயிலாகவில்லை என்றால், அந்த எல்லை மதிப்புக்கு இன்னும் டெஸ்ட் இல்லை.