வனவியல் படித்தால் ஃபாரஸ்ட் வேலை கிடைக்குமா?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் ப்ளஸ் டூ உயிரியல் குரூப், காடு, யானை என்றால் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் சேர்க்கலாமா, படித்து முடித்தால் வனத்துறையில் வேலை உறுதியா என்கிறார்.

உறுதி கிடையாது. உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். வனத்துறைக்குள் போவது தேர்வு எழுதித்தான். ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வனப்பணித் தேர்வு எழுத வனவியல்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை, தாவரவியல், விலங்கியல், வேதியியல், கணிதம், ஏன் இன்ஜினியரிங் முடித்தவரும் எழுதலாம். அதிலும் 2013 முதல் முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். எழுதுகிறவர்களோடு பொதுவாகிவிட்டது, இடங்களோ நாடு முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 150 அளவிலோ அதற்கும் குறைவாகவோதான். எழுத்துத் தேர்வைத் தாண்டினாலும் நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். ரேஞ்சர் (வனச்சரகர்), ஏ.சி.எஃப். (உதவி வனப் பாதுகாவலர்) வேலைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு வைக்கிறது, ஆனால் வருடா வருடம் அறிவிப்பு வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு? மரத்துக்காக. யானைக்காக இல்லை, இதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வன உயிரினம் ஒரு பகுதியாக வரும், அவ்வளவுதான். நான்கு வருடத்தில் பெரும்பகுதி நாற்றங்கால், மண், மர வளர்ப்பு, மரத்தை அளப்பது, பூச்சி, நோய், மரத்தின் தரம் என்றே போகும். தேக்கு விதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தோல் அவ்வளவு கெட்டி, அப்படியே விதைத்தால் சரியாக முளைக்காது, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறவைத்துக் காயவைத்து என்று சில நாள் பாடுபட்டால்தான் ஓரளவுக்கு முளைக்கும். இன்னொரு நாள் கையில் டேப்போடு தோப்புக்குள் இறக்கிவிடுவார்கள், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மரமாகச் சுற்றளவு எடுத்துக் குறிக்க வேண்டும், மரம் சரிவில் நின்றால் மேட்டுப் பக்கம் நின்றுதான் அந்த உயரத்தை அளக்க வேண்டும், பிறகு உட்கார்ந்து கன அளவு கணக்கு. இதில் சுவாரசியம் தட்டுகிற பிள்ளைக்கு அருமையான படிப்பு. சஃபாரி ஜீப்பை நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குச் சீக்கிரமே சலித்துவிடும்.

வனத்துறைக்கு வெளியேதான் இப்போது வேலை கொஞ்சம் விரிந்திருக்கிறது என்பது என் கருத்து. காகித ஆலைகளுக்குச் சவுக்கும் தைலமரமும் வேண்டும், பிளைவுட்காரர்களுக்கு மலைவேம்பு வேண்டும், அதெல்லாம் இன்று விவசாயிகளின் நிலத்திலிருந்து வருகிறது. நல்ல ரகக் கன்று உற்பத்தி செய்து, விவசாயியிடம் பேசி நடவைத்து, வெட்டும் வரை கூட நிற்க ஆள் தேவை. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பதவிக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வையும் வனவியல் பட்டதாரிகள் எழுதலாம், இது பலருக்குத் தெரிவதே இல்லை. ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்குக் கோயம்புத்தூரிலேயே வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு உண்மையிலேயே விலங்குதான் முக்கியம் என்றால் பாதை வேறு. நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியில் எம்.எஸ்சி. வன உயிரியலுக்கோ டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனத்துக்கோ முயற்சி செய்யலாம். ஆனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் புராஜெக்ட் வேலை, இரண்டு வருடம் மூன்று வருடம் என்று ஒப்பந்தத்தில் ஓடும், வீட்டில் அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும்.

வனவியல்தான் என்று முடிவானால், சேர்க்கை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாக, ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், நீட் தேவையில்லை. வெளி மாநிலம் பரவாயில்லை என்றால் திருச்சூர் பக்கம் வெள்ளானிக்கரை, கர்நாடகத்தில் சிர்சி, பொன்னம்பேட்டை ஆகிய இடங்களிலும் வனவியல் கல்லூரிகள் உண்டு. கலந்தாய்வில் விருப்ப வரிசை போடும்போது ஒன்று கவனியுங்கள்: வேளாண்மை கிடைக்காதவர்கள் வனவியலைக் கடைசியில் போட்டு வைப்பதுண்டு. உங்கள் மகளுக்கு இதுதான் வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வரிசையைப் பார்க்காமல் இதையே முதலில் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் மேட்டுப்பாளையம் போய், அங்கே மூன்றாம் வருடம் படிக்கிற ஒரு பெண்ணோடு அரைமணி நேரம் பேசவிடுங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்காமல்.