ஒஹாயோவில் முதல் மான் வேட்டை: எந்த ரைபிள், என்னென்ன சாமான்?

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் அருகே வசிக்கிறேன். எச்-1பி விசாவில் வேலை. உடன் வேலை பார்க்கும் நண்பர் இந்த வருடம் அவருடைய மாமனார் பண்ணைக்கு மான் வேட்டைக்கு வரச் சொல்கிறார். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. உதைப்பு குறைவு, குறி தப்பாது என்று 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவுக்கான ரைபிளைத்தான் எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அதையே வாங்கலாமா? ரைபிள், ஸ்கோப், மற்ற சாமான் எல்லாம் 2,000 டாலருக்குள் முடியுமா?

பதில்: 2,000 டாலருக்குள் தாராளமாக முடியும். 6.5 கிரீட்மோரும் நல்ல தோட்டாதான். ஆனால் ஒஹாயோவில் அதை வைத்து மான் சுடுவது சட்டவிரோதம். நீங்கள் பார்த்த வீடியோக்கள் வேறு மாநிலங்களில் எடுத்தவையாக இருக்கும். அமெரிக்காவில் வேட்டை விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்து பென்சில்வேனியாவில் கிரீட்மோர் செல்லும். நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் மானுக்கு இந்த மாதிரி ரைபிளே கூடாது. அதனால் துப்பாக்கிக் கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் மாநிலத்தின் அந்த வருட விதிப் புத்தகத்தைப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒஹாயோ என்ன சொல்கிறது? 6.5 கிரீட்மோர், .308, .270, .30-06 இவற்றில் எதை எடுத்துப் பார்த்தாலும் பித்தளைக் கூடு அடியில் அகலமாக இருக்கும். மேலே போகப் போகத் தோள் போலச் சரிந்து கழுத்து போல ஒடுங்கும். அந்தக் கழுத்தில்தான் குண்டு செருகியிருக்கும். நிறைய வெடிமருந்து, சின்னக் குண்டு, அதனால் வேகமும் தூரமும் அதிகம். ஒஹாயோவில் மான் வேட்டை நடப்பது பெரும்பாலும் பண்ணை நிலங்களில். வீடுகளும் சாலைகளும் அருகருகே இருக்கும். அதனால் அங்கே நெடுங்காலம் ஷாட்கன், குழல் வாய் வழியே வெடிமருந்தை இடித்து நிரப்பும் துப்பாக்கி, வில் போன்றவைதான் மானுக்கு அனுமதி. 2014இல்தான் கழுத்து ஒடுங்காத, நேர்ச்சுவர்க் கூடு கொண்ட தோட்டாக்களுக்கான ரைபிளைச் சேர்த்தார்கள். குறுக்களவு .357 முதல் .50 அங்குலம் வரை இருக்கலாம். குழலடியில் தோட்டா உட்காரும் அறையிலும், மிச்சத் தோட்டா இருக்கும் மேகசினிலும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இன்னொரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாக்காரர்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் உங்களுக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. அந்த உரிமம் இருந்தால் கடையில் 4473 படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனைக்குப் பிறகு ரைபிள் வாங்கலாம். இல்லாமல் வாங்க முடியாது. வாங்குவது மட்டுமா? சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், நண்பர் "சும்மா பிடிச்சுப் பாரு" என்று நீட்டுவதை வாங்கிக்கொள்வதும்கூட இந்தத் தடைக்குள் வரும். உரிமம் காலாவதியான பிறகும் ரைபிள் உங்கள் அலமாரியில் இருந்தால் அதுவும் மீறல்தான். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டு வெளியேற்றவே இடமுண்டு. ஆகவே உரிமம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு முன்பே புதுப்பியுங்கள். இறங்குவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

வரிசை இதுதான்: முதலில் வேட்டைக் கல்விப் பயிற்சி, அடுத்து உரிமம், அதற்குப் பிறகே துப்பாக்கி. பயிற்சியை இணையத்தில் முடிக்கலாம் என்றாலும், துப்பாக்கியே தொடாதவர் நேரடி வகுப்புக்குப் போவது நல்லது. உரிமத்துடன் மானுக்குத் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். பண்ணை நண்பரின் மாமனாருடையது என்றாலும் அவர் கையெழுத்திட்ட அனுமதியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோவில் வாய்ச்சொல் போதாது.

சரி, இப்போது ரைபிள். என் பரிந்துரை .350 லெஜண்ட். வின்செஸ்டர் 2019இல் கொண்டுவந்த தோட்டா இது. பெயரில் .350 என்றாலும் இதன் குறுக்களவு .357 என்பதால் ஒஹாயோ விதிக்குள் வரும். நேர்ச்சுவர்த் தோட்டாவை மட்டும் அனுமதிக்கும் மாநிலங்களை மனதில் வைத்தே செய்தது. சாதாரணமாக 150 முதல் 180 கிரெயின், அதாவது ஏறக்குறைய 10 முதல் 12 கிராம் எடையுள்ள குண்டு. 150 கஜத்துக்குள் வெள்ளைவால் மானுக்கு இது போதும். கடைக்காரர் .450 புஷ்மாஸ்டர் என்ற பெரிய தோட்டாவுக்கான ரைபிளையும், 12 கேஜ் என்னும் அகலக் குழல் ஷாட்கன்னையும் காட்டி, "இதுதான் மானைப் படுக்க வைக்கும்" என்பார். படுக்க வைக்கும்தான். ஆனால் முதலில் அடி வாங்குவது உங்கள் தோள்.

இந்த உதைப்பு விஷயத்தைப் புதியவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு குண்டு சுட்ட பிறகு ஐந்தாவதற்கு விசையில் விரல் வைக்கும்போதே உடம்பு தானாக இறுகும், கண் மூடிக்கொள்ளும், துப்பாக்கி முனை தாழும். சுடுபவருக்கே இது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நண்பரை உங்களுக்குத் தெரியாமல் சில முறை தோட்டாவும் சில முறை அறைக்கேற்ற போலித் தோட்டாவும் கலந்து போட்டுத் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது வெடிக்காது. ஆனால் முனை கீழே குத்துவது பளிச்சென்று தெரியும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிக்க மாதக்கணக்காகும். அதனால்தான் உதைப்பு குறைந்த துப்பாக்கியைச் சொல்கிறேன். நிறையச் சுட்டுப் பழக அதுதான் விடும்.

போல்ட் ஆக்‌ஷன் வாங்குங்கள். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டியிருப்பதால் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ், மாஸ்பெர்க் பேட்ரியாட் மூன்றும் .350இல் வருகின்றன; சுமார் 400 முதல் 700 டாலர். மூன்றுமே உங்களைவிட நன்றாகச் சுடும், அதனால் பிராண்டுச் சண்டையில் இறங்க வேண்டாம். கடையில் பார்க்க வேண்டியது, உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான். கடைக்காரரிடம் காலி என்று காட்டச் சொல்லி, நீங்களும் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடித் தோளில் வைத்துக் கன்னத்தைப் பின்கட்டையில் சாய்த்துக் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் முழு வட்டமும் கறுப்பு விளிம்பு இல்லாமல் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ சுருக்கியோ தேட வேண்டியிருந்தால் பின்கட்டை உங்களுக்கு நீளம் சரியில்லை. அமெரிக்கத் துப்பாக்கிகள் கொஞ்சம் நீளக் கைக்கு ஏற்றவை. உயரம் குறைந்தவர்கள் 'காம்பேக்ட்' வகையைக் கேட்டு வாங்கலாம். குளிருக்கான தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வேட்டைக்கு அதோடுதான் போவீர்கள்.

ஸ்கோப்புக்கு 200 முதல் 300 டாலர் ஒதுக்குங்கள். 2-7 அல்லது 3-9 பெருக்கம் போதும். அதைவிடப் பெரியது வாங்கினால் 40 கஜத்தில் நிற்கும் மான் வெறும் பழுப்பு மயிராகத்தான் தெரியும். அப்புறம் ஒன்று: தூரத்தில் அசைவது என்னவென்று பார்க்க ஸ்கோப்பைப் பயன்படுத்தவே கூடாது. அது மனிதனாக இருந்தால் நீங்கள் துப்பாக்கியை அவன்மேல் நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு 8x42 பைனாக்குலர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள்.

குறியைச் சரிசெய்வதில் நிறையப் பேர் தோட்டாவை வீணடிக்கிறார்கள். நேரே 100 கஜத்துக்குப் போகாமல் 25 கஜத்தில் தொடங்குங்கள். பெரும்பாலான ஸ்கோப்பில் திருகை ஒரு கிளிக் திருப்பினால் குறி 100 கஜத்தில் கால் அங்குலம் நகரும். 25 கஜத்தில் அதுவே பதினாறில் ஒரு பங்கு அங்குலம்தான். ஆகவே அங்கே ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக் திருப்ப வேண்டும். இது தெரியாமல் நான்கு கிளிக் திருப்பிவிட்டு, "ஸ்கோப் கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. 25இல் நடுவுக்கு வந்ததும் 100க்குப் போய், மூன்று மூன்றாகச் சுட்டு, அந்த மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருத்தினால் முடிவே வராது. இடையில் குழல் ஆறட்டும். உங்கள் பக்கத்தில், ஒஹாயோவிலேயே உள்ள டெலவேர் வனவிலங்குப் பகுதியில் அரசு சுடுதளம் இருக்கிறது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். காதுக்கு மஃப் கட்டாயம். ஒரு வெடியே 140 டெசிபலைத் தாண்டும், போன கேட்கும் திறன் திரும்ப வராது.

மேசையில் சாய்த்துச் சுட்டு முடித்ததும் மேசையை விடுங்கள். மண்டியிட்டு, உட்கார்ந்து, முட்டுக்கோலில் சாய்த்துப் பழகுங்கள். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறக்குறைய 8 அங்குல வட்டம். அந்த அளவுக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். எந்தத் தூரத்தில் ஒவ்வொரு குண்டும் தவறாமல் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் தூரம். புத்தகம் 200 என்று சொன்னாலும் உங்கள் தட்டு 80 என்றால் 80தான். 100 கஜத்தில் குறி வைத்த .350, 200 கஜத்தில் தோட்டாவைப் பொறுத்து 7 முதல் 10 அங்குலம் இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் கண்ணால் கணக்குப் போட்டுச் சுட்டால் மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள்.

பக்கவாட்டில் நிற்கும்போது முன்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்க வேண்டும். முகம் உங்களைப் பார்த்தபடி நின்றாலும், பின்புறம் காட்டி நின்றாலும் காத்திருங்கள். மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்தை ஒட்டி நிற்கும் மானைச் சுடவே கூடாது. குண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. நேர்ச்சுவர்த் தோட்டாவும் வெகுதூரம் பறக்கக்கூடியதுதான்.

தோட்டா வாங்கும்போது, மானுக்கானது என்று பெட்டியில் எழுதியிருக்கும் விரியும் குண்டாகப் பாருங்கள். பயிற்சிக்கான மலிவுத் தோட்டா வேட்டைக்கு உதவாது. கிடைத்தால் தாமிரக் குண்டு எடுங்கள். ஈயக் குண்டு உள்ளே பொடிப்பொடியாகச் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள் காயத்திலிருந்து தள்ளி இருக்கும் கறியிலும் கலந்துவிடும். வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ அந்தக் கறியைச் சாப்பிடுவதானால் இது கவனிக்க வேண்டிய விஷயம். கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முழுதாகவே தடை செய்துவிட்டது. குண்டு மாற்றினால் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மிச்சப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது, மரப்பரணில் உட்காருவதாக இருந்தால், முழு உடல் பாதுகாப்புக் கச்சை. வேட்டைக்காரர்களுக்கு அடிபடும் முக்கியக் காரணங்களில் ஒன்று பரணிலிருந்து விழுவது. பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். ஆகவே தரையிலிருந்தே கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். ரைபிளைத் தோளில் போட்டு ஏறாதீர்கள். காலி செய்து கீழே வைத்து, மேலே போய்க் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் தரையில் மறைகூடாரத்தில் உட்காருவதே எனக்கு உசிதமாகப் படுகிறது.

துப்பாக்கிப் பருவத்தில் மேலே ஆரஞ்சு நிறச் சட்டையோ வெஸ்ட்டோ சட்டப்படி கட்டாயம். மான் பார்த்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், அதன் கண்ணுக்கு ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் பளிச்சென்று தெரியும், அதனால் ஜீன்ஸ் போட்டுப் போகாதீர்கள். உங்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வாடைதான். காற்று மானிடமிருந்து உங்கள் பக்கம் வீசும்படி உட்காருங்கள். முக்கியப் பருவம், நவம்பரின் நான்காவது வியாழனான தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கள் தொடங்குகிறது, குளிர் கடுமையாக இருக்கும். பருத்தி உள்ளாடை வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பை நடுங்கவிடும். கம்பளியோ செயற்கை இழையோ அடுக்கடுக்காகப் போடுங்கள். நல்ல பூட்ஸ், தலைவிளக்கு, மூன்று நான்கு அங்குலக் கத்தி, ரப்பர் கையுறை, இழுக்கக் கயிறு. சாமான் பட்டியல் இவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் 1,700 டாலரை ஒட்டி வரும். மீதியைப் பயிற்சித் தோட்டாவிலும், வீட்டில் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பெட்டியிலும் போடுங்கள்.

சுட்ட பிறகு உடனே இறங்கி ஓடாதீர்கள். நெஞ்சில் பட்ட மானும் 50, 100 கஜம் ஓடும். கடைசியாகப் பார்த்த இடத்தை ஒரு மரத்தை வைத்து மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு நின்ற இடத்தில் ரத்தம் பாருங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, நண்பரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவசரப்பட்டுத் துரத்தினால் அது எழுந்து மைல் கணக்கில் போய்விடும்.

கிடைத்ததும் அனுமதிச் சீட்டைக் கட்டி, அங்கேயே குடலை எடுத்து, உடலைச் சீக்கிரம் குளிரவிடுங்கள். கறி 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போக வேண்டும். மறுநாள் நண்பகலுக்குள் மாநிலத்துக்குப் பதிவு செய்ய வேண்டும், கைபேசியிலேயே முடியும். ஒஹாயோவில் வயாண்டாட் மாவட்டத்துக் காட்டு மான்களில் சி.டபிள்யூ.டி என்னும் மூளை நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பண்ணை அந்தக் கண்காணிப்புப் பகுதிக்குள் வருகிறதா என்று முன்பே பாருங்கள். வந்தால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை கறியைத் தனியாகக் கட்டி உறைபெட்டியில் வையுங்கள்.